இருபத்தேழாம் பாகைக் கோடு

யப்பான் என்றவுடன் நம்மவர் மனக்கண்முன் தோன்றுவன யாவை? வெண்பனி போர்த்த பூஜி மலை, இளவேனிற் காலத்துச் செர்ரி மலர், காற்றினுங் கடுகி ஓடும் புகையிரதம் என்பனவே. பாடப் புத்தகமும் பட நாட்காட்டியும் நமக்குக் காட்டிய யப்பான் அதுவே. ஆயின், கரும்பும் வாழையும் செழித்து, கரையெங்கும் தாழை அடர்ந்து, கடலுக்குள் முருகைக்கற் பார்கள் படர்ந்து கிடக்கும் யப்பான் ஒன்றும் உண்டு. கியூஷூத் தீவின் தென்முனையிலிருந்து தைவானை நோக்கி ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் நீண்டு செல்லும் தீவு வரிசையே அது. நம் நாட்டவர் ஒருவர் அங்கு சென்று இறங்கினால், வீட்டை விட்டு வெகுதூரம் வந்துவிடவில்லைப் போலும் என்றே எண்ணுவார்.

இவ்வாரம் நேயர்களை அத்தீவுகளுக்கு அழைத்துச் செல்ல விழைகின்றோம். ஆகாய விமானமேறி நேரே ஒக்கினாவாவில் இறங்குவோர் பலர். நாம் அவ்வாறு செய்யவில்லை. கியூஷூவின் தென்கோடியிலுள்ள இபுசுக்கி என்னும் கடலோர வெந்நீரூற்று நகரிற் சில நாள் தங்கி, பின்னர் ககோஷிமாத் துறைமுகத்திற் கப்பலேறித் தீவு தீவாகத் தெற்கே சென்றோம். ஏன் இந்தச் சுற்றுவழி என்று கேட்பீர்களாயின், காரணம் உண்டு. அந்நகருக்கும் அத்தீவுகளுக்குமிடையே நானூறு ஆண்டுக் கொடுக்கல் வாங்கல் ஒன்று இருக்கின்றது. அந்தக் கணக்கை அறியாது தீவுகளைப் பார்ப்பவர் கடலின் நிறத்தை மாத்திரமே பார்த்தவராவர்.

மணலுக்குள் ஒரு குளியல்

நாம் சென்றது சனவரி மாதக் கடைசி. ககோஷிமா நகரிலிருந்து இபுசுக்கிக்கு வளைகுடாவின் கரையோரமாக ஒரு மணி நேரப் புகையிரதப் பயணம். இவ்வழியில் ஓடும் உல்லாசப் புகையிரதம் ஒன்று பாதி வெள்ளையும் பாதி கறுப்புமாகத் தீட்டப்பட்டிருக்கின்றது. நிலையத்தில் அதன் கதவு திறக்கும்போது மேலிருந்து வெண்புகை போல நீர்த்திவலை சொரிகின்றது. இதற்கு ஒரு கதை உண்டு. உராஷிமா என்னும் செம்படவன், துன்புற்ற ஆமையொன்றைக் காப்பாற்றினான். நன்றி மறவாத ஆமை அவனைக் கடலடியிலுள்ள நாகராசன் மாளிகைக்கு அழைத்துச் சென்றது. சில நாள் இன்புற்றிருந்து ஊர் திரும்பினான். ஊரிலோ பல நூறு ஆண்டுகள் கழிந்திருந்தன. திறவாதே என்று சொல்லித் தந்த பெட்டியை அவன் திறந்தான், வெண்புகை எழுந்தது, கருங்கூந்தல் நரைத்துக் கிழவனானான். யப்பானியக் குழந்தைகள் யாவரும் அறிந்த கதை இது. அம்மாளிகை எனப்படுவது தெற்கேயுள்ள றியூக்கியூத் தீவுகளே என்று இப்பகுதியிற் கூறுவாரும் உளர். பெயர்கள் ஒலியால் ஒத்திருப்பதே அதற்குக் காரணம்.

இபுசுக்கியின் பெருமை அதன் மணற் குளியல். கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் வாளியால் அள்ளிக் குளித்த நம்மவர்க்கு இது புதுமையாகவே தோன்றும். நிலத்தடியே ஓடிக் கடலிற் கலக்கும் வெந்நீர், கரை மணலை அடியிலிருந்து சூடாக்கிக்கொண்டிருக்கின்றது. பருத்தி அங்கி ஒன்றை மாத்திரம் உடுத்து, தலைக்குத் துணி சுற்றிக்கொண்டு மணற் குழியிற் படுத்துவிட வேண்டும். அங்கு பணிபுரியும் பெண்கள் மண்வாரி கொண்டு கழுத்து வரை மணலை இட்டு மூடுவர். மணலின் சூடு ஏறக்குறைய 50 பாகை. ஈர மணலின் பாரம் நெஞ்சின் மேல் அமர, விரல் நுனிகளில் நாடி துடிப்பதை உணரலாம். காதருகே அலையோசை, முகத்திற் குளிர் காற்று, உடம்பிலோ வைகாசி வெயில். பத்து நிமிடம் போதும் என்று சொல்லி எழுப்பிவிடுகின்றனர். எழுந்ததும் வெந்நீரில் மணலைக் கழுவிக்கொள்ளலாம். ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளாக இவ்வழக்கம் நிலவி வருகின்றது. இருதய நோயுள்ளோர் மருத்துவரைக் கேட்டே செல்ல வேண்டும் என்பதை ஈண்டு சொல்லி வைக்கின்றோம்.

நகருக்கு மேற்கே 924 மீற்றர் உயரமுள்ள கைமோன் மலை, கூம்பாகக் குவித்த நெற்குவியல் போலக் கடலோரத்தில் நிற்கின்றது. 885ஆம் ஆண்டுக்குப் பின் அது வெடிக்கவில்லை. அதனருகே பழைய எரிமலைப் பள்ளத்தில் நீர் நிறைந்து உண்டான இக்கெதா ஏரி. கியூஷூவில் இதுவே மிகப் பெரியது. ஆழம் 200 மீற்றருக்கு மேல். ஏரிக்கரை முழுவதும் சனவரியிலேயே மஞ்சட் கடுகுப்பூ மலர்ந்திருந்தது. உனகி என்னும் சிற்றூரில், வீடுகளின் முன்றிலில் நிலத்திலிருந்து எழும் நீராவியே அடுப்பு. விறகில்லை, நெருப்பில்லை, முட்டையும் கிழங்கும் பானையின்றியே அவிகின்றன. அங்கு நாம் உண்ட கிழங்கு நம் நாட்டு வத்தாளங்கிழங்குதான். அக்கிழங்கே நம்மை அடுத்த ஊருக்கு அழைத்துச் செல்கின்றது.

போனதும் வந்ததும்

இபுசுக்கி நகரசபை எல்லைக்குள் யமகவா என்னும் இயற்கைத் துறைமுகம் இருக்கின்றது. அங்கு இறங்கியதும் மூக்கிற் படுவது மாசி வாடை. ஆம், நம் சமையலறையில் இடித்துச் சம்பலிற் சேர்க்கும் மாசியின் உடன்பிறப்பை யப்பானியர் ‘கத்சுவோபுஷி’ என்பர். அதே சூரை மீனை அவித்து, புகையூட்டி, பூஞ்சணம் பிடிக்கவிட்டு வெயிலிற் காயவைத்து, மரக்கட்டை போல் ஆக்கிவிடுகின்றனர். இதைச் சீவித்தான் யப்பானியர் தம் குழம்புக்கெல்லாம் அடிச்சாறு எடுக்கின்றனர்.

இன்று மீனவர் வள்ளங்கள் அமைதியாக நிற்கும் இதே துறையிலிருந்து 1609ஆம் ஆண்டு ஏறக்குறைய 100 கப்பல்கள் தெற்கே புறப்பட்டன. அவற்றில் இருந்தோர் ஏறக்குறைய 3,000 படைவீரர். தென் கியூஷூவை ஆண்ட சத்சுமா நாட்டுச் சிற்றரசரின் படை அது. அதன் இலக்கு றியூக்கியூ இராச்சியம். ஒக்கினாவாவைத் தலைத்தீவாகக் கொண்டு 1429ஆம் ஆண்டு முதல் ஒரு குடைக்கீழ் வாழ்ந்த அவ்விராச்சியம், வாணிகத்தால் வளர்ந்தது. சீனம், சீயம், மலாக்கா எங்கும் அதன் கப்பல்கள் சென்றன. பதினைந்தாம் நூற்றாண்டில் மலாக்காத் துறையில் நம் தமிழ் வணிகரும் றியூக்கியூ வணிகரும் ஒரே சந்தையிற் பண்டம் விற்றவர்களே. வணிகத்தால் வாழ்ந்த அந்நாடு துப்பாக்கி ஏந்திய படையை எதிர்த்து நெடுநாள் நிற்க இயலவில்லை. மன்னர் ஷோ நெய் சிறையாக வடக்கே கொண்டு செல்லப்பட்டு, 1611இலேதான் நாடு திரும்பினார். அவர் திரும்பியபோது இராச்சியத்தின் வடபாதியாகிய அமாமித் தீவுகள் சத்சுமாவின் நேராட்சிக்குட் போயிருந்தன. யொரோன் தீவுக்கும் ஒக்கினாவாவுக்கும் இடையிலுள்ள கடலிலே ஓர் எல்லை பிறந்தது. இந்த எல்லையை நேயர்கள் மனத்திற் பதித்துக்கொள்க. பின்னர் மீண்டும் இதனைச் சந்திப்போம்.

படை தெற்கே போயிற்று. தெற்கிலிருந்து வந்தது என்ன? வத்தாளங்கிழங்கு. அமெரிக்கக் கண்டத்திற் பிறந்து, கடல் பல கடந்து சீனம் சேர்ந்த அக்கொடியை, 1605இல் நொகுனி என்னும் ஊரைச் சேர்ந்த கப்பல் அதிகாரி ஒருவர் ஒக்கினாவாவுக்குக் கொணர்ந்தார். 1705இல் யமகவாவைச் சேர்ந்த மயெதா றியெமோன் என்னும் கடலோடி, றியூக்கியூவிலிருந்து அதனைத் தம் ஊருக்குக் கொண்டுவந்து நட்டார். எரிமலைச் சாம்பல் படிந்த வறண்ட நிலத்தில் நெல் விளையாது, கிழங்கு விளைந்தது. 1732இல் மேற்கு யப்பானைப் பெரும்பஞ்சம் வாட்டியபோது, சத்சுமா மக்களைக் காத்தது இக்கிழங்கே என்பர். அதன் பின்னரே கிழங்கு நாடெங்கும் பரவிற்று. மயெதாவுக்கு யமகவாவில் ஒரு கோயில் உண்டு. இன்று யப்பான் முழுவதும் அதனைச் ‘சத்சுமாக் கிழங்கு’ என்றே அழைக்கின்றனர். கொடுத்த தீவின் பெயர் மறைந்தது. வாங்கிய நாட்டின் பெயர் நிலைத்தது.

கறுப்புச் சீனி

ககோஷிமாவில் மாலை ஆறு மணிக்குப் புறப்படும் கப்பல், அமாமி ஓஷிமாத் தீவின் நாசே துறையை மறுநாட் புலருமுன் அடைகின்றது. கப்பலிலிருந்து இறங்கியபோதே காற்று மாறியிருப்பதை உணர்ந்தோம். ‘கறுப்பு நீரோட்டம்’ எனப் பொருள்படும் குரோஷியோ என்னும் வெப்பக் கடலோட்டம் இத்தீவுகளைத் தழுவிச் செல்கின்றது. ககோஷிமாவிற் போர்த்திய கம்பளி இங்கு பெட்டிக்குட் போய்விட்டது.

அது கரும்பு வெட்டும் காலம். ஆலையிற் பிழிந்த சாற்றைப் பெரிய கொப்பரையிற் காய்ச்சி, சுண்ணாம்பு சிறிது சேர்த்து, கிளறிக் கட்டியாக்குகின்றனர். அதன் பெயர் கறுப்புச் சீனி. ஒரு துண்டை வாயிலிட்டால் நம் பனங்கட்டியே நினைவுக்கு வரும். தேநீருடன் கடித்துக்கொள்ளும் வழக்கமும் நம்முடையதே.

இத்தனை இனிய பொருளுக்கு இத்தீவில் வழங்கிய பெயர் ‘கறுப்புச் சீனி நரகம்’ என்பதாகும். 1830ஆம் ஆண்டு முதல் சத்சுமா அரசு சீனி முழுவதையும் தானே கொள்ளும் சட்டத்தை இறுக்கிற்று. நெல் வயல்கள் கரும்புத் தோட்டங்களாயின. சீனியை மறைத்து விற்றவருக்கு மரண தண்டனை. விளைவித்தவன் வீட்டுக் குழந்தை அதனை நக்கவும் கூடாது. வரி கட்ட இயலாதோர் பிறர் வீட்டில் அடிமை வேலைக்குப் புகுந்தனர். பஞ்சம் வந்தபோது, ஈச்சமரம் போலத் தோன்றும் ‘சோத்தெத்சு’ மரத்தின் கொட்டையையும் தண்டின் மாவையும் உண்டனர். அது நஞ்சு. பல நாள் நீரில் ஊறவைத்துப் புளிக்கவிட்டு நஞ்சகற்றினாலே உண்ணலாம். பசி பொறுக்காது அவசரப்பட்டவர் மாண்டனர்.

சத்சுமாவின் போர்வீரராகிய சைகோ தக்கமோரி 1859இல் இத்தீவுக்கு ஒதுக்கி அனுப்பப்பட்டவர். தத்சுகோ என்னும் ஊரில் மூன்றாண்டு வாழ்ந்தார். ஐகனா என்னும் தீவுப் பெண்ணை மணந்து மக்கள் இருவரைப் பெற்றார். சீனிக்காகச் சிறைப்பட்ட உழவருக்காக அதிகாரிகளிடம் பரிந்து பேசினார் என்பது ஊர் மக்கள் இன்றும் சொல்லும் செய்தி. பின்னர் அவரே 1868ஆம் ஆண்டு ஆட்சி மாற்றத்தின் தலைவர்களுள் ஒருவரானார். அம்மாற்றத்தை முன்னின்று நடத்திய சத்சுமாவுக்கு முதற்பொருள் தந்தவற்றுள் இத்தீவின் சீனியும் ஒன்று. புதிய யப்பான் பிறந்த கதையைப் படிக்கும் மாணவர் இதனையும் சேர்த்துப் படித்தல் வேண்டும். சைகோவின் தீவு மகன் கிக்குஜிரோ பிற்காலத்திற் கியோத்தோ நகரின் தலைவராகப் பதவி வகித்தார். தாய் ஐகனாவோ தீவிலேயே வாழ்ந்து மறைந்தார்.

நெசவில் ஈடுபாடுள்ள சகோதரியர்க்கு ஒரு செய்தி. அமாமியின் ‘ஓஷிமாப் பட்டு’ உலகப் பிரசித்தம். உள்ளூர் மரமொன்றின் கட்டையை அவித்தெடுத்த சாயத்தில் நூலைப் பலமுறை தோய்த்து, பின்னர் சேற்று வயலிலே துவைக்கின்றனர். சாயத்திலுள்ள துவர்ப்பும் சேற்றிலுள்ள இரும்பும் கூடி, எக்காலமும் வெளுக்காத கருமையைத் தருகின்றன. இடுப்பளவு சேற்றில் நின்று பட்டு நூலை அலசுவதைக் கண்டபோது, பட்டின் விலை நமக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

கீரி வந்த கதை

இத்தீவுகளின் காட்டில் ‘ஹபு’ என்னும் புடையன் இனத்துப் பாம்பு வாழ்கின்றது. கடித்தால் உயிருக்கு ஆபத்து. பாம்புக்குப் பகை கீரி என்பதை நம் சிறுவரும் அறிவர். வதசே என்னும் விலங்கியற் பேராசிரியரும் அதனை நம்பினார். அவர் 1910இல் கங்கை கடலிற் கலக்கும் பகுதியிலிருந்து கீரிகளைக் கொணர்ந்து ஒக்கினாவாவில் விடுவித்தார். அமாமியிலும் 1979 அளவில் ஏறக்குறைய முப்பது கீரிகள் விடப்பட்டன.

நடந்தது வேறு. கீரி பகலில் வேட்டையாடும்; ஹபுவோ இரவில் உலாவும். இரண்டும் சந்திக்கவேயில்லை. கீரியின் வாயில் அகப்பட்டது வேறு எங்குமில்லாத அமாமிக் கருமுயல். குட்டைக் காதும் கருமயிரும் கொண்ட அவ்வுயிர் மிகப் பழைய முயலினத்தின் எச்சம். ஒக்கினாவாவின் வடகாட்டில், 1981இல் முதன்முதல் அறிவியலார் விவரித்த, பறக்கவியலாத ‘யன்பரு’ நீர்க்கோழியும் அவ்வாறே அருகிற்று. முப்பது கீரிகள் 2000ஆம் ஆண்டளவிற் பத்தாயிரம் ஆயின என்று கணித்தனர். அதன் பின் பொறி வைத்தும் நாய் பழக்கியும், காட்டை அடியடியாகச் சோதித்தும் ஒரு கூட்டத்தார் ஆண்டுக்கணக்கில் உழைத்தனர். 2018க்குப் பின் ஒரு கீரியும் பிடிபடவில்லை. 2024 செப்டெம்பரில், அமாமியிற் கீரி அற்றுப்போயிற்று என்று அரசு அறிவித்தது. முயல்கள் மீண்டும் பெருகி வருகின்றன. 2021இல் இக்காடுகளை யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது. ஓர் ஊரின் நோய்க்குத் தூர இருந்து மருந்து எழுதுவோர், அவ்வூரின் இரவையும் பகலையும் முதலில் அறிந்திருத்தல் நலம்.

கடலின் நடுவே

அமாமியிலிருந்து மீண்டும் கப்பலேறினோம். காளைக்குக் காளை மோதவிடும் தொக்குனோஷிமா, சைகோ இரண்டாம் முறை சிறையிருந்த ஒக்கினோயெராபு, முருகைக்கல் வெண்மணல் சூழ்ந்த யொரோன் ஆகிய தீவுகளைக் கடந்து பிற்பகலில் தெற்கு நோக்கிச் சென்றோம். எதிரே ஒக்கினாவாவின் வடமுனையாகிய ஹெதோவின் பாறைகள் தெரிந்தன. யொரோனுக்கும் ஹெதோவுக்கும் இடைத்தூரம் இருபது கிலோமீற்றருக்குச் சற்றே அதிகம். அதனிடையே வட அகலக்கோடு 27 பாகை செல்கின்றது. நீரில் ஓர் அடையாளமும் இல்லை. ஆயினும் இந்தக் கோட்டிலே நம் இலங்கைக்கும் ஒரு தொடர்பு உண்டு.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின் இத்தீவுகள் யாவும் அமெரிக்கப் படையாட்சியின் கீழ் வந்தன. 1951 செப்டெம்பரில் சன் பிரான்சிஸ்கோ நகரில் யப்பானுடன் சமாதான உடன்படிக்கை செய்யும் மாநாடு கூடிற்று. இலங்கையின் சார்பில் அந்நாள் நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தன பேசினார். பகையைப் பகையால் வெல்லலாகாது என்ற புத்தர் போதனையை எடுத்துக்காட்டி, யப்பானிடம் இலங்கை நட்டஈடு கோராது என்றும், அது சுதந்திர நாடாதல் வேண்டும் என்றும் கூறினார். அப்பேச்சை யப்பானியர் இன்றும் நன்றியுடன் நினைக்கின்றனர். ஆயின், யப்பானுக்கு விடுதலை தந்த அதே உடன்படிக்கையின் மூன்றாம் பிரிவு, தெற்குத் தீவுகளை அமெரிக்காவின் நிருவாகத்திலேயே விட்டுவிட்டது. இந்தியா அம்மாநாட்டுக்குச் செல்லவில்லை. அதற்கு அந்நாடு கூறிய காரணங்களுள் இதுவும் ஒன்று. உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த 1952 ஏப்பிரல் 28, யப்பானியருக்கு விடுதலை நாள். ஒக்கினாவா மக்களோ அதனை ‘அவமான நாள்’ என்று அழைக்கின்றனர்.

அமாமி மக்கள் வாளாவிருக்கவில்லை. பதினான்கு வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 99.8 பேர் யப்பானுடன் சேர வேண்டுமெனக் கையொப்பமிட்டனர். ஆசிரியரும் கவிஞருமான இசுமி ஹோரோ 1951 ஓகஸ்டில் ஐந்து நாள் உண்ணாவிரதம் இருந்தார். 1953 டிசெம்பர் 25இல் அமாமி யப்பானிடம் திரும்பிற்று. ஒக்கினாவா திரும்பவில்லை. எல்லை எங்கே விழுந்தது? 1609இன் படையெடுப்பு யொரோனுக்கும் ஒக்கினாவாவுக்குமிடையே கிழித்த அதே இடத்திலேதான். தொழில் தேடி ஒக்கினாவா சென்றிருந்த அமாமி மக்கள் ஒரே நாளில் அந்நியராயினர். அரசாங்க உத்தியோகம் இழந்தோரும் பலர். அண்ணன் ஒரு கரை, தம்பி மறு கரை, இடையே கடவுச்சீட்டு. ஒக்கினாவாவில் 1958 முதல் செலாவணி அமெரிக்க டொலராயிற்று.

அதே 1958இல் நடந்த ஒரு நிகழ்ச்சியை மாணவர்களுக்காகக் கூறுகின்றோம். யப்பானில் உயர்தரப் பாடசாலைகளுக்கிடையே கோஷியென் மைதானத்தில் நடக்கும் பேஸ்போல் போட்டி பெருந்திருவிழா. தோற்ற அணியினர் அம்மைதானத்து மண்ணில் ஒரு பிடி எடுத்துச் செல்வது வழக்கம். அவ்வாண்டு ஒக்கினாவாவின் ஷூரிப் பாடசாலை முதன்முதலாக அங்கு ஆடிற்று, முதலாட்டத்திலேயே தோற்றது. சிறுவர்கள் மண்ணைப் பொதிந்தெடுத்துக் கப்பலில் ஊர் திரும்பினர். நாஹாத் துறைமுகத்தில், வெளிநாட்டு மண் புகலாகாது என்ற தாவர நோய்த்தடைச் சட்டம் குறுக்கே நின்றது. மண் கடலிற் கொட்டப்பட்டது. இச்செய்தியைக் கேள்வியுற்ற விமானப் பணிப்பெண் ஒருவர், கோஷியென்னிலிருந்து கூழாங்கற்களைத் திரட்டி அனுப்பினார். மண்ணுக்குத் தடையுண்டு, கல்லுக்குத் தடையில்லை! அக்கற்கள் பதித்த நினைவுச்சின்னம் ஷூரிப் பாடசாலையில் இன்றும் உண்டு. 2010இல் ஒக்கினாவாவின் கோனன் பாடசாலை கோடைக்காலப் போட்டியில் வெற்றிக் கொடி பெற்றது.

1963 முதல் ஏப்பிரல் 28 வரும்போது, யொரோனிலிருந்தும் ஹெதோவிலிருந்தும் வள்ளங்கள் புறப்பட்டு 27 பாகைக் கோட்டிலே சந்தித்தன. இரு கரையிலும் பெருந்தீ மூட்டினர். இக்கரைத் தீயை அக்கரையாரும், அக்கரைத் தீயை இக்கரையாரும் கண்டனர். 1972 மே 15இல் ஒக்கினாவா திரும்பிற்று. ஹெதோ முனையில் அப்போராட்டத்தின் நினைவுக்கல் யொரோனை நோக்கி நிற்கின்றது.

நாஹாவும் தெற்கும்

நாஹாவில் இறங்கியபோது செர்ரி மலர் பூத்திருந்தது. தலைநகர் தோக்கியோ பங்குனி வரை காத்திருக்க, இங்கு தையிலேயே கருஞ்சிவப்பாக மலர்ந்துவிடுகின்றது. சந்தையிற் பாகற்காய் குவிந்திருக்கின்றது. அதனை முட்டையுடனும் தோவுக் கட்டியுடனும் வதக்குவது இவர்கள் அன்றாட உணவு. மஞ்சளைத் தேநீராக்கிக் குடிக்கின்றனர். சந்தித்துவிட்டால் உடன்பிறந்தோரே என்னும் பொருளில் இவர்களிடை ஒரு பழமொழி வழங்குகின்றது. வழி கேட்டவருக்கு வீடு வரை வந்து காட்டும் இயல்பைக் கண்டபோது அது வெறும் வாய்ச்சொல் அன்று என்று தெளிந்தோம். மன்னர் வாழ்ந்த ஷூரிக் கோட்டையின் பேரவை மண்டபம் 2019 ஒக்டோபர் 31இல் தீக்கிரையாயிற்று. 2022இல் அதனை மீளக் கட்டத் தொடங்கினர்.

தெற்கே செல்லச் செல்ல வழியெல்லாம் கரும்பு. கரும்பினிடையே சுண்ணாம்புக் குகைகள். 1945 ஏப்பிரல் முதல் யூன் வரை இங்கு நடந்த போரில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஒக்கினாவா மக்களில் நால்வருள் ஒருவர் அழிந்தனர் என்பது கணக்கு. பெண்கள் பாடசாலைகள் இரண்டிலிருந்து 222 மாணவியரும் 18 ஆசிரியரும் படை மருத்துவமனைக்குத் தாதியராக அனுப்பப்பட்டனர். குகைக்குள் இரவும் பகலும் காயம்பட்டோரைப் பார்த்தனர். யூன் 18இல், இனி நீங்கள் கலைந்து செல்லலாம் என்று கட்டளை வந்தது. வெளியே குண்டு மாரி, எங்கே செல்வது? அந்த 240 பேரில் 136 பேர் இறந்தனர். பெரும்பாலோர் அக்கட்டளைக்குப் பின்னரே. உயிர் தப்பியவர்கள் முன்னின்று 1989இல் அமைத்த ‘ஹிமெயுரி’ நினைவுச்சாலையிற் சுவர் முழுவதும் சிறுமியரின் படங்கள். நம் வீட்டுப் பிள்ளைகளின் வயதே அவர்களுக்கும். அதற்கு முந்திய ஆண்டு, நாம் வந்த இதே கடல்வழியில், பாதுகாப்புக்கென்று வடக்கே அனுப்பப்பட்ட பிள்ளைகளை ஏற்றிய ‘த்சுஷிமா மாறு’ என்ற கப்பல் ஓகஸ்ட் 22இல் நீர்மூழ்கியால் தாக்குண்டு அமிழ்ந்தது. இறந்த ஏறக்குறைய 1,480 பேரிற் பாதிக்கு மேல் பள்ளிச் சிறார்.

கடலோரத்தில் 1995இல் நிறுவிய கருங்கற் சுவர்களில் 240,000க்கு மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஒக்கினாவர், யப்பானியர், அமெரிக்கர், கொரியர், தைவானியர், பிரித்தானியர் என வேறுபாடின்றி இறந்தோர் பெயரெல்லாம் ஒரே வளாகத்தில் உள. யூன் 23ஆந் தேதி குடும்பத்தினர் வந்து, பெயரின் மேல் நீர் வார்த்து, உணவு வைத்து, விரலால் அவ்வெழுத்தைத் தடவிப் பார்ப்பர். இறந்தவர் உடல் கிடைக்காத வீட்டாருக்கு அவ்வெழுத்தே சமாதி.

போர் முடிந்தும் கணக்கு முடியவில்லை. யப்பானின் நிலப்பரப்பில் ஒக்கினாவா 0.6 வீதமே. ஆயினும் அந்நாட்டில் அமெரிக்கப் படைக்கென்றே ஒதுக்கிய நிலத்தில் ஏறக்குறைய 70 வீதம் அங்குதான் இருக்கின்றது. கரும்புத் தோட்டம் முடியுமிடத்திற் கம்பி வேலி தொடங்குகின்றது. தந்தையின் வயல் வேலிக்கு உள்ளே. மகனின் வீடு வெளியே.

பயணத்தின் பயன்

இத்தீவுகளுக்குச் செல்ல விரும்புவோர் சனவரி முதல் ஏப்பிரல் வரை செல்வது நன்று. மே, யூனில் மழை. யூலை முதல் ஒக்டோபர் வரை சூறாவளி. கார் ஓட்டுவோர்க்கும் இடரில்லை. நம் நாட்டைப் போல் இடப்பக்கமே. அமெரிக்கர் காலத்தில் வலப்பக்கம் ஓடிய வண்டிகள், 1978 யூலை 30 காலை ஆறு மணிக்கு ஒருங்கே இடப்பக்கம் மாறின. அந்நாளை ‘ஏழு–முப்பது’ என்றே இன்றும் அழைக்கின்றனர்.

இபுசுக்கியில் மணல் சுகம் தரும். தீவுகளிற் கடல் கண்ணுக்கு விருந்தாகும். அவற்றை அனுபவிப்பதிற் குறையொன்றுமில்லை. கிழங்கையும் சீனியையும் கொடுத்த மக்கள் கேட்டது, கேட்பது, பெரிதொன்றுமன்று: தம்மைக் கேளாது தம் கடலில் எவரும் கோடு கிழிக்கலாகாது என்பதே. 1609இற் கிழித்தவர் தீவினரைக் கேட்கவில்லை. 1951இல் மாநாட்டு மண்டபத்தில் நல்லெண்ணத்தோடு கைதட்டியவர்களும் கேட்கவில்லை. அம்மண்டபத்தில் நம் நாட்டின் குரல் ஒலித்தது என்று பெருமை கொள்ளும் நாம், அதே மண்டபத்தில் எவருடைய குரல் ஒலிக்கவில்லை என்பதையும் நினைந்து பார்த்தல் முறையாகும். நம் பிள்ளைகள் தேசப்படத்தை விரித்து அகலக்கோடுகளை எண்ணும்போது, 27ஆம் பாகையில் விரலை வைத்து இக்கதையை ஒருமுறை சொல்லிக்கொடுங்கள்.